ரேந்தை

குமரி மாவட்டத்தில் நாஞ்சில் நாட்டிலும் சரி, மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கமும் சரி, பழைய வீடுகளின் முன்னறையில் ஒரு வெள்ளைத் துணி கிடக்கும். முன்பு ரேடியோ மேல் கிடந்தது. பிறகு டிவி மேல் ஏறியது. டிவி சுவரில் தொங்கத் தொடங்கியதும் ஃப்ரிட்ஜ் மேலோ டீப்பாய் மேலோ இடம் மாறிக்கொண்டது. நடுவில் வெறும் துணி, ஓரம் முழுக்கப் பூவும் வலையுமாகப் பின்னல். கிறிஸ்தவக் கோயில் பீடத்து விரிப்பில் அதே பின்னல். ஞானஸ்நானக் குழந்தையின் தொப்பியிலும் அதுதான். ஆங்கிலத்தில் லேஸ் என்கிற இந்தப் பின்னலுக்கு எங்கள் பக்கம் ரேந்தை என்று பெயர்.

குமரி மாவட்டத்தில் வெள்ளைக்காரன் விட்டுப்போனது என்ன என்று பேச்சு வந்தால், கொளச்சல் வெற்றித்தூண், உதயகிரிக் கோட்டையில் டச்சுத் தளபதி டிலனாய் கல்லறை, ஸ்காட் கல்லூரி, நெய்யூர் ஆஸ்பத்திரி, மலையோரத்து ரப்பர் என்று வரிசை ஓடும். எல்லாம் சரிதான். ஆனால் இந்த ஓரத்துப் பின்னலில் இருக்கும் அளவுக்கு அந்தக் காலம் வேறெதிலும் நெருக்கமாகப் பதிந்திருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கட்டடத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம். ரேந்தை தலைமுறை தலைமுறையாக விரல்களில் ஏறி வந்தது.

முதலில் பெயர். ரேந்தை போர்த்துக்கீசியச் சொல். அவர்கள் ‘ரெந்தா’ என்பது நம் நாக்கில் ரேந்தை ஆயிற்று. தையல் கடையில் புழங்கும் சொற்களைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டால் அந்த மொழியின் சத்தம் இன்னும் அங்கே இருப்பது தெரியும். பொத்தான் அவர்களுடையது. பொத்தானுக்குத் துளை எடுப்பதைக் காஜா என்கிறோமே, அதுவும் அவர்களுடையதுதான். அவர்கள் மொழியில் ‘காசா’ என்றால் வீடு, பொத்தான் போய்த் தங்கும் வீடு. துடைக்கும் துவாலை, மடித்துப் பையில் வைக்கும் லேஞ்சி, துணியை அடுக்கும் அலமாரி, அதைப் பூட்டும் சாவி, எல்லாம் அதே கப்பலில் வந்தவை. அதற்கு மேலே ஆங்கிலம் வந்து படிந்தது. ஜாக்கெட், ஃப்ராக், எம்மிங், பைப்பிங் எல்லாம் அந்த அடுக்கு.

இத்தனைக்கும் போர்த்துக்கீசியர் இந்த மண்ணை ஆண்டதில்லை. 1544-இல் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கடலோர ஊர்களில் மீனவர்களான முக்குவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். கோட்டாற்றுச் சவேரியார் கோயில் இன்றும் அவர் பெயரைச் சொல்கிறது. டச்சுக்காரர் 1741-இல் கொளச்சலில் மார்த்தாண்டவர்மாவிடம் தோற்றுப் பின்வாங்கினார்கள். ஆங்கிலேயர் நேரே ஆளாமல் திருவிதாங்கூர் மன்னருக்குப் பக்கத்தில் ரெசிடென்ட் என்று ஒருவரை உட்காரவைத்து ஆண்டார்கள். கொடியேற்றாத சாம்ராஜ்யங்கள்தான் மூன்றுமே. கோயில், கடை, பள்ளிக்கூடம் வழியாக நுழைந்தவை, 1947-இல் இந்தியாவில் ஆங்கிலக் கொடி இறங்கியபோது சேர்ந்து இறங்கவில்லை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோதும் அவை அப்படியே கூட வந்தன.

பெயர் போர்த்துக்கீசியம், தொழிலைப் பரப்பியவர்களோ ஆங்கிலேயப் பெண்கள். பாதிரிமாரின் அங்கி ஓரத்திலும் பீடத் துணியிலும் இந்தப் பின்னலைக் கடலோரம் முன்பே பார்த்துப் பழகியிருந்ததால்தான், பின்னால் வந்த ஆங்கிலப் பின்னலுக்கும் பழைய பெயரே நிலைத்தது என்பது என் கணிப்பு. லண்டன் மிஷன் என்ற புராட்டஸ்டன்ட் அமைப்பின் சார்பில் ரிங்கல்தௌபே பாதிரியார் 1806-இல் மயிலாடிக்கு வந்தார். அவருக்குப் பின் சார்லஸ் மீட் 1818-இல் நாகர்கோவிலுக்கும், அடுத்த ஆண்டு மால்ட் தம்பதியினரும் வந்து சேர்ந்தார்கள். மீட் சில காலம் நாகர்கோவிலில் நீதிபதி வேலையும் பார்த்தார். ரெசிடென்ட் மன்றோவின் ஏற்பாடு அது. மிஷன் வேறு, அரசு வேறு என்று இன்று பிரித்துப் பேசுகிறோம். அன்று அந்தக் கோடு எவ்வளவு மெல்லியது என்று இந்த ஒரு நியமனமே காட்டும். இரண்டு குடும்பத்துப் பெண்களும் நாகர்கோவிலில் சிறுமிகளுக்கு விடுதிப் பள்ளி நடத்தினார்கள். 1820-களின் தொடக்கத்திலேயே அங்கே மார்த்தா மால்ட் ரேந்தை பின்னக் கற்றுக்கொடுக்கத் தொடங்கிவிட்டார்.

அந்தப் பள்ளிக்கு வந்தவர்களில் அடிமைக் குடும்பத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல்தான். அதற்கு முன்பே ரேந்தை பின்னிச் சேர்த்த காசைக் கொடுத்துத் தங்கள் விடுதலையை வாங்கிக்கொண்ட பெண்கள் உண்டு என்று மிஷன் வரலாறுகள் சொல்கின்றன. ஒரு சாண் அகலப் பின்னலின் விலை என்ன என்பதற்கு இதைவிடப் பெரிய கணக்கு வேண்டியதில்லை. இங்கிலாந்தில் சீமாட்டிகளின் கழுத்துப்பட்டியில் போய்ச் சேர்ந்த பின்னல் இங்கே ஒருத்தியின் உடம்பை அவளுக்கே மீட்டுக் கொடுத்தது.

அதே பத்தாண்டுகளில்தான் மேலாடை உரிமைக்கான தோள்சீலைப் போராட்டமும் நடந்தது. குப்பாயம் என்ற மேல்சட்டை போட்டதற்காகப் பெண்கள் சந்தையில் அடிபட்டார்கள், துணி கிழிக்கப்பட்டது, கிறிஸ்தவக் கோயில்கள் எரிந்தன. 1859 ஜூலை 26-ஆம் தேதி மன்னரின் விளம்பரம் வந்தது. நாடார் பெண்கள் ரவிக்கை போடலாம், ஆனால் உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் விதத்தில் மட்டும் உடுத்தக் கூடாது என்றது அது. சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் மிஷன் உதவி எதுவும் இல்லாமலே தலையில் துண்டைக் கட்டச் சொல்லி இதே அவமானத்துக்குப் பதில் சொன்னார். வெள்ளைக்காரனை வெண்நீசன் என்றே அழைத்தவர் அவர். யார் தோளில் என்ன துணி, யார் தலையில் என்ன துணி என்பதுதான் இந்த மண்ணில் அன்றைய அரசியல். ரேந்தையை அதற்கு வெளியே வைத்து, பெண்பிள்ளைகளின் பொழுதுபோக்காகப் பார்ப்பது தவறு.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நல்ல பெண் என்றால் தலை குனிந்து, சத்தமில்லாமல், அளந்த கைவேலை செய்பவள் என்ற ஆங்கில வீட்டு ஒழுக்கமும் இந்தப் பின்னலோடு சேர்ந்தே வந்தது. விலையைத் தீர்மானித்ததும் வேறு யாரோ. வாங்குகிறவர் கடல் தாண்டி இருந்தார். ஒன்றுக்காக மற்றதை மறைக்க வேண்டாம், இரண்டுமே நடந்தவை.

மேற்கே கத்தோலிக்க வழியாகவும் ஒரு கிளை வந்தது. 1897-இல் பெல்ஜியத்தின் ஈப்பர் நகரத்திலிருந்து மேரி லூயிஸ் டி மீஸ்டர் என்ற கன்னியர் முளகுமூட்டுக்கு வந்தார். ஈப்பர் ரேந்தைக்குப் பேர்போன ஊர். அவர் இங்கே தொடங்கிய சபை பின்னால் பல நாடுகளுக்குப் போனது. முளகுமூட்டைச் சுற்றிய ஊர்களில் எம்பிராய்டரியும் ரேந்தையும் பெண்களின் வருமானமாக ஊன்றியதில் கன்னியர் மடங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

இனி வேலைக்கு வருவோம். ரேந்தை என்ற ஒரே பெயருக்குள் நாலைந்து வேறு வேறு தொழில்கள் ஒளிந்திருக்கின்றன. மார்த்தா மால்ட் பரப்பியது திண்டில் வைத்துப் பின்னும் ரேந்தை. இன்று வீடுகளில் அதிகம் நடப்பது கொக்கி ஊசியால் போடும் குரோஷா. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றினாலும் அடிப்படையே வேறு.

திண்டு ரேந்தைக்கு முதலில் வேண்டியது கல்போல அடைத்த திண்டு. மரத்தூளோ நறுக்கிய வைக்கோலோ போட்டு இடித்து இடித்து அடைக்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழக் கூடாது. திண்டு இளகியிருந்தால் குத்திய ஊசி சாயும். ஊசி சாய்ந்தால் ஓட்டை இழுபடும், கரை நேராக வராது. புதிதாகப் பின்னுகிறவர்கள் கையைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள், கோளாறு திண்டில் இருக்கும். அதன்மேல் ஓட்டை குத்திய அட்டை. ஒவ்வொரு ஓட்டையும் ஒரு குண்டூசி நிற்க வேண்டிய இடம். பிறகு, பென்சில் பருமனும் ஏறக்குறைய நான்கு அங்குல நீளமும் உள்ள மரக்கட்டைகள். ஒரே நூலின் இரண்டு முனையையும் இரண்டு கட்டையில் சுற்றினால் ஒரு ஜோடி. ஓர் அங்குல அகலத்துச் சாதாரணக் கரைக்குப் பத்து ஜோடி, அதாவது இருபது கட்டை தேவைப்படும். பூ வேலை கூடினால் கட்டையும் கூடும்.

இருபது கட்டை தொங்கினாலும் கையில் ஒரு நேரத்தில் இருப்பது நாலு மட்டுமே. பார்க்கிறவர்கள் இதை நம்புவதில்லை. இடமிருந்து வலமாக அந்த நாலுக்கும் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண் வைத்துக்கொள்ளுங்கள். எண் கட்டைக்குச் சொந்தமில்லை, அது இருக்கும் இடத்துக்குத்தான். இந்த வேலையில் இருப்பது இரண்டே அசைவு. இரண்டாவதை மூன்றாவதற்கு மேலே தாண்டிவைப்பது குறுக்கு. இரண்டாவதை ஒன்றாவதற்கு மேலும், நான்காவதை மூன்றாவதற்கு மேலும் தாண்டிவைப்பது முறுக்கு. அதாவது குறுக்கு போடும்போது இடது வலதின் மேல் போகும், முறுக்கும்போது வலது இடதின் மேல் போகும். குறுக்கு-முறுக்கு-குறுக்கு என்றால் நெய்த துணிபோல் அடர்த்தியாக விழும். குறுக்கு-முறுக்கு மட்டும் போட்டால் இழைகள் சாய்ந்து சல்லாபோல் விழும். பூக்களுக்கு நடுவே வலையாக விழும் பரப்பு வலைத் தரை, அதற்குக் குறுக்கு-முறுக்கு, நடுவில் ஓர் ஊசி, மறுபடி குறுக்கு-முறுக்கு. ஊசியைச் சுற்றி நாலு நூலும் பூட்டிக்கொள்ளும். உலகத்தில் இந்த வகைப் பின்னல் எந்த ஊரில் நடந்தாலும் இந்த இரண்டு அசைவுக்கு மேல் மூன்றாவது கிடையாது.

தவறு நடப்பது எங்கே? பெரும்பாலும் திசையில். ஓர் இடத்தில் குறுக்கை வலதிலிருந்து இடதாகப் போட்டுவிட்டால், அந்தப் புள்ளியில் நூல் அடியில் போக வேண்டியது மேலே போகும். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. அடுத்த வரிசையில் ஓட்டையின் வாய் கோணும்போதுதான் தெரியும். அதற்குள் இருபது முப்பது அசைவு தாண்டியிருக்கும். பிரித்துத் திரும்புவதைத் தவிர வழி இல்லை. பிரிக்கும்போது முறுக்கைத் தலைகீழாகவும் குறுக்கைத் தலைகீழாகவும் போட்டு, ஊசியை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டே போக வேண்டும். கத்தரித்து ஒட்டுவது என்ற பேச்சே இங்கு இல்லை. இரண்டாவது தவறு, ஊசியைச் சீக்கிரம் உருவுவது. ஊசி தட்டுப்பாட்டில் பின்னால் இருப்பதை எடுத்து முன்னால் குத்துவார்கள். கடைசி நாலு விரல் நீளத்துக்காவது ஊசி அப்படியே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் புது நூலை இழுக்கும் இழுப்பில் பழைய பின்னல் கூம்பிவிடும். கரையோரத்து ஊசியை லேசாக வெளிப்பக்கம் சாய்த்தும், நடு ஊசியைக் கொஞ்சம் பின்னோக்கிச் சாய்த்தும் குத்துவது பழகிய கையின் அடையாளம்.

நூல் தீர்ந்தால் முடிச்சுப் போட்டு வலைத் தரையில் விட்டுவிடக் கூடாது, முடிச்சு பல்லாங்குழிச் சோழிபோல் துருத்தும். அடர்த்தியாக விழும் இடம் வரும்வரை காத்திருந்து, புது நூலைப் பழைய நூலோடு ஓர் அங்குலம் சேர்த்து ஓட்டி, பிறகு இரண்டின் வாலையும் நறுக்க வேண்டும். இதற்காகத்தான் கட்டையில் நூல் சுற்றும்போதே கணக்குப் போடுகிறார்கள். சாதாரண ஜோடிக்குக் கரை நீளத்தைப்போல் நாலைந்து மடங்கு நூல் போதும். குறுக்கே இங்குமங்கும் ஓடும் ஜோடிக்கு அதைவிடப் பல மடங்கு வேண்டும். எல்லாக் கட்டையிலும் ஒரே அளவு சுற்றினால் ஓடும் ஜோடிதான் முதலில் தீரும், அதுவும் பூவின் நடுவில்.

நம் ஊரில் இன்னொரு தொல்லை, ஊசித் துரு. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் பெய்யும் மாவட்டம், பக்கத்திலேயே உப்புக்காற்று. இரும்புக் குண்டூசி ஒரு வாரம் நூலோடு நின்றால் ஒவ்வொரு ஓட்டையிலும் பழுப்புப் புள்ளி விழும். துரு துணியை மெல்ல அரிக்கவும் செய்யும். பித்தளை ஊசிதான் இதற்குச் சரி. பழைய ரேந்தையில் வரிசையாகச் சீரான இடைவெளியில் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தால் கறை என்று வெறுத்துவிட வேண்டாம். ஊசி நின்ற இடங்கள் அவை, திண்டில் பின்னியது என்பதற்கே அது சாட்சி ஆகலாம்.

பெட்டியில் கிடக்கும் பாட்டியின் துணி எந்த வகை என்று தெரிந்துகொள்ள ஒரு பூதக்கண்ணாடி போதும். நூல்கள் பாய் முடைவதுபோல் ஒன்றின் மேலும் அடியிலுமாகப் போய், எங்கேயும் கண்ணி இல்லாமல் இருந்தால் திண்டு ரேந்தை. சங்கிலிபோல் கண்ணிக்குள் கண்ணி நுழைந்து, வாலைப் பிடித்து இழுத்தால் கலையக்கூடியதாக இருந்தால் குரோஷா. சிறு சிறு முடிச்சுகள் ஒரு நூலின் மேல் கோத்ததுபோல் வளையம் வளையமாக இருந்து, இழுத்தாலும் கலையாவிட்டால் அது டாட்டிங், சிறு படகு போன்ற கட்டையால் போடுவது. மிஷின் ரேந்தையில் எல்லாப் பூவும் அச்சடித்ததுபோல் ஒரே அளவில் இருக்கும். பின்பக்கம் திருப்பினால் நறுக்கிய நூல் நுனிகள் தெரியும், இல்லாவிட்டால் ஊசித்தையல் குறுக்கும் நெடுக்குமாக அப்பியிருக்கும். சந்தேகம் தீராவிட்டால் உதிரி நூலில் ஒரு துணுக்கைக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகி உருண்டையாகும். பாலியெஸ்டராக இருந்தால் அது பாட்டியின் இளமைக்காலத்துத் துணி என்ற பேச்சைக் கொஞ்சம் யோசித்துத்தான் ஏற்க வேண்டும்.

நூல் வாங்கப் போகும் இடத்தில் சாம்ராஜ்யத்தை இன்னும் நேராகவே பார்க்கலாம். நாற்பதாம் நம்பர், அறுபதாம் நம்பர், எண்பதாம் நம்பர் நூல் என்கிறோம். நாகர்கோவில் வடசேரித் தறியிலும் இதே பேச்சுதான். அது என்ன நம்பர்? இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைக் கணக்கு. ஒன்றரை கஜம் சுற்றளவுள்ள சக்கரத்தில் 80 சுற்று சுற்றினால் 120 கஜம். அப்படி ஏழு சேர்ந்தால் 840 கஜம், அதுவே ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டம் அடங்குகிறதோ அதுதான் நூலின் கவுண்ட். அறுபதாம் கவுண்ட் என்றால் ஒரு பவுண்டில் 60 சிட்டம், 50,400 கஜம். இன்றைய கணக்கில் ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 102 மீட்டர் ஒற்றை இழை. இரண்டு இழை முறுக்கிய நூலாக இருந்தால் அதில் பாதி. நம்பர் கூடினால் நூல் மெலிகிறதே என்று புதியவர்கள் குழம்புவதற்குக் காரணம் இதுதான். எடையை நிலையாக வைத்து நீளத்தை எண்ணுகிற கணக்கு இது. குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்த அதே 1956-இல்தான் இந்தியா மெட்ரிக் அளவைச் சட்டம் கொண்டுவந்தது. படி போயிற்று, ராத்தல் போயிற்று, திருவிதாங்கூர் நாணயங்களான சக்கரமும் காசும் அதற்கு முன்பே போயிருந்தன. நூல் கவுண்ட் மட்டும் அசையவில்லை.

அட்டையில் அச்சிட்ட அளவுக்குப் பொருந்தாத கவுண்ட் எடுத்தால் என்ன ஆகும்? நூல் மெலிந்தால் தரை தொளதொளத்துப் பூ படுத்துவிடும். தடித்தால் ஓட்டையெல்லாம் அடைந்து, துணி அட்டைபோல் விறைக்கும். நூலை ஒரு பென்சிலில் நெருக்கமாகச் சுற்றி, ஒரு சென்டிமீட்டரில் எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். பழைய ரேந்தையில் இருந்து உதிர்ந்த நூல் துண்டு ஒன்று கிடைத்தால் அதையும் அப்படியே சுற்றி எண்ணலாம். இரண்டு எண்ணும் ஒத்துப்போகும் நூலை வாங்கினால் போதும், லேபிளை நம்பத் தேவையில்லை.

குரோஷா போடுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். நம் பாட்டிமார் கற்றது ஆங்கிலேயர் சொல்முறை. டபிள், ஹாஃப் ட்ரெபிள், ட்ரெபிள் என்பார்கள். யூடியூபில் பார்த்துப் படிக்கும் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் கிடைப்பது அமெரிக்கச் சொல்முறை. ஆங்கிலேயரின் டபிள் அமெரிக்கருக்கு சிங்கிள். ஆங்கிலேயரின் ட்ரெபிள் அமெரிக்கருக்கு டபிள். ஒரே வீட்டில் பாட்டி சொல்லும் டபிளும் பேத்தி போடும் டபிளும் இரண்டு வேறு தையல்கள். பாட்டியுடையது குட்டை, பேத்தியுடையது அதைவிட இரண்டு மடங்கு உயரம். பாட்டியின் கணக்கைக் கேட்டு எழுதிக்கொண்டு பேத்தி போட்டால் வட்ட விரிப்பு வட்டமாக வராது. பிள்ளைக்குக் கைவரவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பாவம், இரண்டு நாட்டுச் சொல் முட்டிக்கொண்டதுதான் அங்கே நடந்தது.

இதன் காரணம் கணக்கில் இருக்கிறது. வட்டத்தின் ஆரம் ஒரு தையல் உயரம் கூடினால் சுற்றளவு அதைப்போல் ஆறு மடங்குக்குச் சற்று மேல் கூடும். குட்டைத் தையலில் உயரமும் அகலமும் ஏறக்குறைய சமம். எனவே சுற்றுக்கு 6 தையல் கூட்டினால் வட்டம் தட்டையாக விழும். ட்ரெபிளின் உயரம் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு. ஆகவே சுற்றுக்கு 12 கூட்ட வேண்டும். உயரத் தையல் போட்டுக்கொண்டு 6 மட்டும் கூட்டினால் விரிப்பு தொப்பிபோல் கவிழும். குட்டைத் தையலுக்கு 12 கூட்டினால் ஓரம் பாவாடைக் கொசுவம்போல் அலை அலையாகும். அதனால் கவிழ்ந்தால் கூட்டல் போதவில்லை, அலைந்தால் கூட்டல் மிஞ்சிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் சுற்றிலேயே தரையில் விரித்துப் பார்த்துவிட வேண்டும். பத்தாம் சுற்றில் பார்த்தால் பிரிக்க மனசு வராது. பழைய குறிப்பு எதையாவது எடுத்தால் முதலில் ‘சிங்கிள்’ என்ற சொல் அதில் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் பெரும்பாலும் அமெரிக்கக் குறிப்பு, ஆனால் பழைய ஆங்கிலேயக் குறிப்புகள் சிலவற்றில் ஸ்லிப் தையலையும் அந்தப் பெயரில் சொல்வதுண்டு.

துவைப்பதைப் பற்றிச் சுருக்கமாக. வாஷிங் மெஷினில் போடக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஒரு வெள்ளைத் துணியில் ரேந்தையை விரித்து, நாலு ஓரமும் நூலோட்டித் தைத்து, துணியோடு சேர்த்து வெந்நீரும் காரமில்லாத சோப்புமாக ஊறவைத்து அமுக்கி எடுங்கள். பிழிந்தால் இழை நகர்ந்துவிடும். துருப்புள்ளிக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்து, புள்ளி மங்கியதும் நன்றாக அலசிவிட வேண்டும், புளிப்பு தங்கினால் நூல் இற்றுப்போகும். பிளீச்சிங் பவுடரைத் துருவின் மேல் போடவே போடாதீர்கள். துரு போகாது, அந்த இடம் ஓட்டையாகும். கஞ்சி போட்ட ரேந்தையை அப்படியே பெட்டியில் வைத்தால் ராமபாணப் பூச்சிக்குச் சோறு போட்டதுபோல. கஞ்சி உபயோகிக்கும் நாளில் மட்டும். எடுத்து வைக்கும்போது அலசி, காய்ந்தபின் மடிக்காமல் ஒரு குழல்மேல் சுருட்டி வையுங்கள். மடிப்பு விழுந்த கோட்டில்தான் பழைய ரேந்தை முதலில் அறும்.

திண்டில் பின்னத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. அட்டைகள் அதைவிட வேகமாகப் போகின்றன. குத்திய அட்டை பார்வைக்கு வெறும் ஓட்டைக் காகிதம், வீடு மாறும்போது குப்பையில் போய்விடும். ஆனால் துணி இருந்தால் அட்டையைத் திரும்ப எழுதிவிடலாம், வலைத் தரை உள்ள நேர்க்கரைகளுக்கு அது கடினமில்லை. துணியைக் கறுப்புக் காகிதத்தின் மேல் தட்டையாக விரித்து, பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து, நேர் மேலிருந்து படம் எடுங்கள், அல்லது அசல் அளவிலேயே ஸ்கேன் எடுங்கள். நேராக ஓடும் ஓரத்தில் பத்து ஊசி இடைவெளியை அளந்து பத்தால் வகுங்கள். 40 மில்லிமீட்டர் வந்தால் ஓர் இடைவெளி 4. கிராஃப் தாளில் இரண்டு மில்லிமீட்டருக்கு ஒரு கட்டம் என்று கோடு போட்டு, கோடுகள் வெட்டும் இடங்களில் சதுரங்கப் பலகைபோல் ஒன்றுவிட்டு ஒன்று புள்ளி வைத்தால் வலைத் தரை தயார். பிறகு பூ விழும் இடங்களைப் படத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். பலமுறை துவைத்த துணி கொஞ்சம் சுருங்கியிருக்கும். அதனால் முதலில் ஒரு சாண் பின்னிப் பார்த்து, நெருக்கமாகத் தோன்றினால் தாளைச் சற்றுப் பெரிதாக்கி நகலெடுங்கள். துணியின் குறுக்கே ஒரு நேர்கோடு மனசில் இழுத்து, அதைக் கடக்கும் நூல்களை எண்ணி இரண்டால் வகுத்தால் எத்தனை ஜோடி என்று தெரியும்.

தாளைக் கெட்டி அட்டையில் ஒட்டி, ஊசியை நிமிர்த்திப் பிடித்துக் குத்துங்கள், சாய்வாகக் குத்தினால் ஓட்டை தள்ளிப்போகும். கடைசியில் அட்டையின் ஒரு மூலையில் ஜோடி எத்தனை, நூல் என்ன கவுண்ட், எந்த ஊர், முதலில் பின்னியவர் யார் என்று பேனாவால் எழுதிவையுங்கள். மிஷனரிகளின் பெயர்கள் கல்வெட்டில் இருக்கின்றன. பின்னியவர்களின் பெயர்களுக்கு இந்த மூலைதான் இடம்.